திருமேனி கற்ற வெப் அப்ளிகேஷன்

கீழப்புளியூரில் திருமேனி, மாசானம், உலகநாதன் என்று மூன்று சிநேகிதர்கள். மூவருக்கும் சேர்த்து ஒரு மூளைதான். அது அன்றைக்கு யாரிடம் இருக்கிறது என்பதில்தான் தினமும் தகராறு.

திருமேனிக்குக் கோவில்பட்டி செண்பகவல்லியைப் பேசியிருந்தார்கள். அவளுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் உத்தியோகம். அவள் அப்பாவோ, "மாப்பிள்ளைக்கு ஒரு தொழில் தெரிய வேண்டாமா? வெள்ளிக்கிழமை வருவேன். கற்றதைக் காட்டினால் தாம்பூலம் மாற்றலாம். இல்லையென்றால் வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவேன்" என்று சொல்லிவிட்டார். திருமேனிக்குச் சோறு இறங்கவில்லை.

வல்லி தன் பழைய லேப்டாப்பை அனுப்பிவைத்துப் போனில் சொன்னாள்: "வெப் அப்ளிகேஷன் கத்துக்கங்க. முதல்ல, புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்குத் தோதா ஒரு சூழலை அமைச்சுக்கணும்."

மூவரும் கூடி யோசித்தார்கள்.

"புதுசா ஆரம்பிக்கிறவங்கன்னா யாருலே?" என்றான் திருமேனி.

"பச்சப்பிள்ளதான். அதைவிடப் புதுசு உலகத்துல உண்டா?" என்றான் மாசானம்.

உத்தரத்தில் தொட்டில் கட்டி, லேப்டாப்பை உள்ளே கிடத்தி, மேலே கிலுகிலுப்பை தொங்கவிட்டார்கள். மாசானம் ஆட்டினான். உலகநாதன் தாலாட்டுப் பாடினான். கொஞ்ச நேரத்தில் திரை இருண்டது. "உறங்கிட்டு" என்று வாயில் விரல் வைத்து, மூவரும் நுனிக்காலில் வெளியேறினார்கள்.

மறுநாள் வல்லி, "அடுத்து, அதுல எழுதறதுக்கு ஒரு எடிட்டர் வேணும். இலவசமாவே கிடைக்கும். கொண்டுவந்து லேப்டாப்ல போட்டுக்கங்க" என்றாள்.

ஊரில் இருந்த ஒரே எடிட்டர் அனந்தகிருஷ்ணன். அவர் நடத்திய வாரப் பத்திரிகை நின்று பதினோரு வருஷம். தொண்ணூற்றிரண்டு கிலோ. "இலவசமா வருவீங்களா ஐயா?" என்று கேட்டதும் செருப்புகூடப் போடாமல் கிளம்பிவிட்டார்.

"அதுமேல உட்கார வச்சா போதாதா?" என்றான் உலகநாதன்.

"போடணும்னுதான் வல்லி சொன்னா. உட்கார வைக்கணும்னு சொல்லலை" என்றான் திருமேனி கண்டிப்பாக.

ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவரை லேப்டாப் மேல் போட்டார்கள். கிறீச்சென்று ஒரு சத்தம். ஏதோ வேலை ஆரம்பித்துவிட்டது என்று திருமேனிக்கு நெஞ்சு குளிர்ந்தது.

பிறகு அவரைக் கொஞ்சம் நகர்த்திப் படுக்கவைத்துவிட்டு, வல்லி சொல்லச் சொல்லப் பத்து வரி அடித்தார்கள். எடிட்டர் எழுந்து மூக்குக்கண்ணாடியை மாட்டினார். "இதென்ன, வரிக்கு வரி கோணல் அடைப்புக்குறி? தமிழுக்கு அழகா?" என்று எல்லாவற்றையும் அழித்தார். மிச்சம் நின்றது 'வணக்கம்' மட்டும். அதன் பின்னால் ஒரு முற்றுப்புள்ளி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

"எழுதியாச்சா? லோக்கல்ல ஒருதடவை ஓட்டிப் பாருங்க" என்றாள் வல்லி.

"லோக்கல்னா எதுவரைக்கும்லே?" என்றான் திருமேனி.

"ரேஷன் கடை வரைக்கும். அதுக்கு அங்கிட்டு மேலப்புளியூர்" என்றான் மாசானம்.

லேப்டாப்பை மொபெட்டில் கட்டி நாலு தெருவும் ஓட்டினார்கள்.

"ஓடுச்சா?" என்று வல்லி கேட்டாள்.

"அருமையா ஓடிச்சு வல்லி. ஒரு நாய் மட்டும் தொரத்திச்சு."

அவளுக்கு அது புரியவில்லை. அதற்குள் ஆபீஸில் அவளைக் கூப்பிட்டார்கள். "சரி, நாளைக்கு அப்பா வர்றதுக்குள்ள சர்வர்ல ஏத்திடுங்க. யார் கேட்டாலும் அதுவே கொண்டுவந்து காட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அவர்களுக்குத் தெரிந்த சர்வர் ஒருவர்தான்: பஸ் ஸ்டாண்டு ஓட்டல் ஐயம்பெருமாள். வெள்ளிக்கிழமை காலை, இரண்டு கையிலும் சாம்பார் வாளியும் பொங்கல் தட்டுமாக நின்ற அவர் தலையில் லேப்டாப்பை ஏற்றினார்கள்.

"பாரம் தாங்குவீங்களா அண்ணாச்சி?"

"பத்து தோசைய ஒரே கையில கொண்டுபோறவன்லே நான்!"

பஸ்ஸிலிருந்து இறங்கிய வல்லியின் அப்பா, முதலில் பசியாறலாம் என்று அதே ஓட்டலில்தான் உட்கார்ந்திருந்தார். "தம்பி, இங்க கொஞ்சம் சாம்பார்!" என்று குரல் கொடுத்தார். ஐயம்பெருமாள் தலையைத் திருப்பினார்.

ஐந்து நிமிஷத்தில் வல்லியின் போன் வந்தது.

"அப்பா பாத்தாரா?"

"சர்வர் விழுந்துட்டு, வல்லி" என்றான் திருமேனி.

"டவுனா? எங்க?"

"உங்க அப்பா மேல."

அவள் மெதுவாகக் கேட்டாள்: "மாத்து சர்வர் எதுவும் இல்லையா?"

திருமேனியின் முகம் மலர்ந்தது. "இருக்காரு! ஆனா ஒரு மணிக்குத்தான் டூட்டிக்கு வருவாராம். அதுவரைக்கும் அப்படியே படுத்திருங்கன்னு மாமாகிட்ட சொல்லியிருக்கேன்."