மெழுகில் ஏறாத சொல்

தோக்கியோ நகரத்தில் வாத்தியக் குழு நடத்திய ரின்சோ என்பவர், குழுவுக்குத் தலைவராக இருந்தும் ஒத்திகைக் கூடத்தைத் தாமே பெருக்குவார். நாற்பது நாற்காலிகளையும் தாமே போடுவார். பிறகு உட்கார்ந்து, அவரவர் வாசிக்க வேண்டிய இசைத்தாளைக் கையால் பார்த்தெழுதுவார். ஜெர்மன் தேசத்தில் என்றைக்கோ இறந்துபோன ஒருவர் செய்த இசை அது. அவரையே ரின்சோ தெய்வமாகக் கொண்டிருந்தார். கை கழுவாமல் அந்தத் தாளைத் தொடமாட்டார்.

"நம்ம கைக்கு அந்தச் சாமி எங்க எறங்கப் போவுது, வாத்தியாரே? வெள்ளைக்காரன் வாசிச்ச இசைத்தட்டுதான் கப்பல்ல வருதே, பத்தாதா?" என்று கொம்பு ஊதும் ஓக்கிமுரா சிரிப்பார். ரின்சோ அடுத்த தாளை எடுத்து எழுதுவார்.

அந்த இசை முழுவதையும் பதிக்க ஒரு கம்பெனி முன்வந்தது. பதிவுக்கு மூன்று நாள் முன்னால் அவருடைய ஒரே மகள் காய்ச்சலில் போய்விட்டாள். எரித்து, எலும்பு பொறுக்கிய கையோடு வந்து, குழுவை நடத்தும் குச்சியைப் பிடித்தார். அழவில்லை. எதைக் கேட்டாலும் "சரி" என்றார். சோறு வைத்தால் தின்றார்.

ஒரு மெழுகுத் தட்டில் நாலு நிமிஷம்தான் பிடிக்கும். நிறுத்தி நிறுத்தி வாசித்தார்கள். கடைசிப் பகுதிக்கு ஒரே தட்டுதான் மிச்சம். அது கெட்டால் மொத்தத்தையும் கைவிடுவோம் என்று கம்பெனியார் முன்பே சொல்லியிருந்தார்கள்.

வாசித்து முடிந்தது. பதிவு ஓடுவதைக் காட்டும் சிவப்பு விளக்கு அணைகிறவரை மூச்சுச் சத்தம்கூடக் கூடாது. ஆனால் வேலை முடிந்ததும் குனிந்து நன்றி சொல்வது அந்த ஊர் வழக்கம். ரின்சோ இசைத்தாளைப் பார்த்துக் குனிந்து, "ரொம்ப சிரமப்பட்டீங்க, நன்றி" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பதிவுக்காரர் குவாஹரா ஓடிவந்தார். "என்னய்யா பண்ணிட்டீங்க! ஒரு நிமிஷம் வாயை மூடிக்கிட்டு நிக்க முடியாதா?"

"சொல்லிட்டனா?" என்றார் ரின்சோ.

"நாப்பது பேரும் கேட்டோம், வாத்தியாரே," என்றார் ஓக்கிமுரா. இந்தத் தடவை சிரிக்கவில்லை.

மெழுகை ஓட்டிக் கேட்டால் அழிந்துபோகும். அதிலிருந்து தட்டு அச்சடித்துத்தான் கேட்க வேண்டும்; அதற்கு இருபது நாள் ஆகும். குரல் விழுந்திருந்தால் எல்லாவற்றையும் உடைத்துப்போடுவது என்று கம்பெனி முதலாளி தீர்த்துச் சொன்னார். அந்த இருபது நாளும் ரின்சோ கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

தட்டு வந்தது. எல்லோரும் நின்றுகொண்டே கேட்டார்கள். வாத்தியங்கள் ஓய்ந்தன. ஊசி சுற்றியது. யாருடைய நாற்காலியோ லேசாக முனகியதுகூட விழுந்திருந்தது. ரின்சோ சொன்ன நன்றி மட்டும் இல்லை. குவாஹரா மூன்று முறை போட்டுப் பார்த்தார்.

"எங்கய்யா போச்சு அது?" என்றார்.

ரின்சோ பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். மகள் பெயரைச் சொல்லி அன்றைக்குத்தான் அழுதார்.

தனக்குச் சொன்ன நன்றியை மெழுகுக்கும் விடாமல் தெய்வமே வாங்கிக்கொண்டது. அப்படி ஒரு சொல்லைச் சொன்ன வாய் வாழ்க.