பந்தயச் சங்கம் முன்னே போன கதை

கரிச்சிப்பாளையம் மோட்டார் பந்தயச் சங்கத்தாரை முட்டாள்கள் என்று எழுதினால் மானநஷ்ட வழக்குப் போடுவார்களாம். சரி, எழுதவில்லை. அவர்கள் செய்ததை மட்டும் எழுதுகிறேன். படித்தபின் உங்கள் வாயில் என்ன வார்த்தை வருகிறதோ, அதற்கு நான் பொறுப்பில்லை.

சங்கத்துக்குத் தலைவர் வையாபுரி. செயலாளர் கந்தப்பன். பொருளாளர் நாச்சிமுத்து. மூவரில் நாச்சிமுத்துவுக்கு மட்டும் சங்கத்து ஜீப்பை ஓட்டத் தெரியும், அதுவும் நேராக. பந்தயச் சங்கத்தில் பதவிக்கு வர வண்டி ஓட்டத் தெரிய வேண்டுமா என்று கேட்காதீர்கள். வெள்ளைச் சட்டை தெரிந்தால் போதும்.

வண்டி ஓட்டத் தெரிந்தவள் நித்திலா. பழைய கார் ஒன்றைத் தானே பிரித்து மாட்டிப் பந்தயக் காராக்கி வைத்திருந்தாள். அந்த வருஷம் புள்ளிக் கணக்கில் அவள்தான் முதலிடம். ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பந்தயம். அதில் ஜெயித்தால் தேசியப் போட்டிக்குப் போவாள். பந்தயம் நடக்காமல் போனாலோ, வருஷம் முழுக்கச் சேர்த்த புள்ளிகள் காற்றில் போகும். இதை நீங்களாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வாரம் பார்த்துத்தான், பந்தயத்துக்குப் பணம் போட்டுவந்த டைட்டில் ஸ்பான்சரான வெண்கொக்கு பம்புசெட் கம்பெனி கழன்றுகொண்டது. மேனேஜர் போனில் ஒரே வாக்கியம்தான் சொன்னார்: “ஞாயிற்றுக்கிழமை உங்க மைதானத்துல எங்க கம்பெனி பேர் யார் கண்ணுலயும் படக்கூடாதுங்க.”

இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? பெயரை அழிக்க வேண்டும். சங்கம் அன்று மாலையே அவசரக் கூட்டம் போட்டது.

“சுவர் பூரா அவங்க பேருதான்” என்றார் தலைவர். “அத்தனைக்கும் வெள்ளை அடிக்கிறது ஆகற காரியமா?”

“சுவரை எதுக்குங்க தொடோணும்?” என்றார் செயலாளர். “கண்ணுல படக்கூடாதுன்னுதானே சொன்னாங்க? வண்டி ஓட்டறவங்க கண்ணைக் கட்டிட்டாப் போச்சு.”

நித்திலா எழுந்தாள். “ஏனுங்ணா, கண்ணைக் கட்டிக்கிட்டு எப்படிங்ணா ரேஸ் ஓட்டறது?”

செயலாளர் அவளைப் பரிவோடு பார்த்தார். “மெதுவா ஓட்டு அம்மிணி.”

பார்க்க வருகிறவர்களின் கண்ணை யார் கட்டுவது என்ற கேள்வியில் அந்தத் தீர்மானம் தள்ளிவைக்கப்பட்டது. அறிவு வந்து தள்ளிவைக்கவில்லை, துணி போதவில்லை.

ஆனால் சங்கம் சும்மா இருந்துவிடுமா? ஃபினிஷ் கோட்டின் நடுவில் வெண்கொக்கு பம்புசெட் என்று பெரிதாக எழுதியிருந்தது. மறுநாள் காலை நாச்சிமுத்து கடப்பாரையோடு போய்க் கோட்டையே பெயர்த்து எடுத்துவிட்டார். எழுத்தைச் சுரண்டியிருக்கலாமே என்பீர்கள். சுரண்டினால் தழும்பு தெரியுமாம்.

“கோட்டைப் பேத்துட்டீங்களே, இனி ரேஸ் எங்கே முடியும்?” என்று கத்தினாள் நித்திலா.

“எங்கேயும் முடியாது கண்ணு. கவலைப்படாதே, இஷ்டத்துக்கு ஓட்டு” என்றார் நாச்சிமுத்து. அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். நல்லெண்ணம் உள்ளவர்கள் கையில் கடப்பாரை கொடுக்கக்கூடாது என்பது என் கட்சி.

அவள் விடவில்லை. மாநிலச் சம்மேளனத்து அதிகாரிக்குப் போன் போட்டுத் தலைவரிடம் கொடுத்தாள். அதிகாரி பொறுமையான மனிதர். “ஸ்பான்சர் போனாப் போறாங்க, விடுங்க. சங்கம் முன்னே போய்க்கிட்டே இருக்கணும். ஞாயிற்றுக்கிழமை பந்தயம் நடக்கணும். உங்க கையால கட்டம் போட்ட கொடி ஆடி, ஒருத்தர் ஜெயிச்சாகணும். இல்லேன்னா எல்லார் புள்ளியும் ரத்து.”

தலைவர் போனை வைத்துவிட்டு டிராக்கை ஒரு சுற்று நடந்து பார்த்தார். பிறகு கூட்டத்தைக் கூட்டினார்.

“சங்கம் முன்னே போகோணும்னு உத்தரவு. நானும் யோசிச்சுப் பார்த்தேன். இத்தனை வருஷமா இந்த டிராக்ல ஓட்டறோமே, எங்கே போயிருக்கோம்?”

தலைவர் காற்றில் விரலால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார்.

“வளைஞ்சு வளைஞ்சு போயி, கெளம்பின எடத்துக்கே வந்து நிக்கறோம்! இது முன்னே போறதாய்யா?”

செயலாளரின் கண் கலங்கிவிட்டது. “அதனாலதானுங்க நம்ம சங்கம் இப்படியே கெடக்குது!”

“தலைவருங்ணா, உலகம் பூரா ரேஸ் டிராக்குன்னா சுத்தித்தான் வரும்” என்றாள் நித்திலா.

“அதுதான் அம்மிணி உலகமும் அங்கேயே நிக்குது” என்றார் தலைவர்.

இதற்கு மேல் இவர்களோடு வாதாடி ஜெயிக்க யாரால் முடியும்? தர்க்கம் தெரிந்தவனைத் தர்க்கத்தால் மடக்கலாம். இவர்கள் தர்க்கம் இல்லாத இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

முதல் வளைவு வரும் இடத்தில் காம்பவுண்டுச் சுவரை இடித்தார்கள். வண்டிகள் வளையாமல், நேரே சுவர் வழியாக வெளியேறி, வறண்ட ஏரிக்குள் போகும் மண்பாதையில் ஓட வேண்டும் என்று தீர்மானம். இடித்த இடத்திலும் கம்பெனி பெயர் இருந்தது. ஒரே கல்லில் இரண்டு வேலை என்று ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொண்டார்கள்.

அப்புறம் ஃபினிஷ். அதை எங்கே வைப்பது?

“ஏரிக்கரை வேப்பமரத்துக்கிட்ட வெச்சுக்கலாமுங்க” என்றார் நாச்சிமுத்து. மூவரில் கொஞ்சம் தேவலாம் என்று நீங்கள் நினைக்கத் தொடங்கியிருப்பீர்கள். தலைவர் விடவில்லை.

“மரம் முன்னே போகுமா?”

“போகாதுங்க.”

“போகாத எடத்துல கொடியை வெச்சுட்டு, சங்கம் முன்னே போகுதுன்னா எவன் நம்புவான்?”

ஆகவே கொடி ஜீப்பில் ஏறியது. ஜீப் எல்லா வண்டிக்கும் முன்னால் போகும். நாச்சிமுத்து ஓட்டுவார், தலைவர் கொடி பிடிப்பார், செயலாளர் விதிகளைப் பார்த்துக்கொள்வார். எந்த வண்டி முதலில் ஜீப்பை முந்துகிறதோ அதற்கு வெற்றி. நித்திலா பல்லைக் கடித்துக்கொண்டு ஒத்துக்கொண்டாள். அந்தக் கிழட்டு ஜீப்பை முந்துவது என்ன பெரிய காரியம்?

ஞாயிற்றுக்கிழமை பந்தயம் தொடங்கியது. நித்திலாவின் கார் சுவர் ஓட்டையில் சீறிப் பாய்ந்தது. மற்ற வண்டிகள் புழுதியில் எங்கோ பின்தங்க, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஜீப்பைத் தாண்டிப் போய்ப் பிரேக் போட்டாள்.

கொடி ஆடவில்லை.

“முந்திட்டேனுங்ணா! ஆட்டுங்க!”

“முந்திட்டே, சரி” என்றார் தலைவர் வருத்தத்தோடு. “ஆனா நீ முந்தினதும் சங்கம் பின்னாடி போயிருச்சே! முன்னே போகோணும்னு உத்தரவாச்சே! நீ மறுபடி பின்னால போ அம்மிணி. நாங்க முன்னே போன அப்புறம் முந்து.”

அவள் பின்னால் போனாள். முந்தினாள். மறுபடியும் பின்னால் போகச் சொன்னார்கள். இப்படியே ஏரியின் நட்டநடுவுக்கு வந்துவிட்டார்கள். அங்கே ஜீப்பின் சக்கரம் மணலில் புதைந்தது. நாச்சிமுத்து ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஜீப் கீழே போனது. அவருக்குத் தெரிந்த திசைகளில் அது இல்லை.

“ரிவர்ஸ் எடுங்க” என்றாள் நித்திலா.

மூவரும் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

“இனி என்னதான் பண்றது? எனக்குக் கொடி ஆடியாகோணும்!”

“நின்ன சங்கம் கொடி ஆட்டக்கூடாது கண்ணு” என்றார் தலைவர். “சங்கம் முன்னே போனா அந்த நிமிஷமே ஆட்டறேன். இது சத்தியம்.”

நித்திலா தன் காரிலிருந்து கயிற்றை எடுத்தாள். ஜீப்பின் மூக்கில் ஒரு முனை, தன் காரின் வாலில் ஒரு முனை. கியரைப் போட்டாள். எஞ்சின் அலறியது, மணல் பறந்தது, ஜீப் அசைந்தது. சங்கம் முன்னே போயிற்று. தலைவர் சத்தியம் தவறாதவர். எழுந்து நின்று கொடியை ஆட்டோ ஆட்டென்று ஆட்டினார். நித்திலா முதலாவது. கயிற்றின் மறுமுனையில் ஜீப் இரண்டாவது. பந்தயம் பார்க்க வந்திருந்த சம்மேளனத்து அதிகாரி கரையிலிருந்து கைதட்டினார். அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அப்போது செயலாளர் தொண்டையைச் செருமினார்.

“தலைவருங்க, ஒரு சிக்கல். நம்ம சங்கத்தை முன்னே இழுத்துட்டுப் போறவங்களுக்கு நாம என்ன பேரு சொல்லுவோம்?”

“டைட்டில் ஸ்பான்சர்.”

“இப்ப இழுத்தது யாருங்க?”

தலைவர் நித்திலாவைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. “அம்மிணி! வெண்கொக்கு போனா என்ன? புது ஸ்பான்சர் கெடைச்சாச்சு!”

“ஸ்பான்சர் பந்தயத்துல கலந்துக்கக்கூடாதுங்கறது நம்ம சங்க விதிங்க” என்றார் செயலாளர். “ஆகையினால முதல் பரிசு, இரண்டாவதா வந்த ஜீப்புக்கு.”

அதிகாரி ஓடிவந்து தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் விதி விதிதானாம், சங்கத்தின் முடிவில் சம்மேளனம் தலையிடக்கூடாதாம். இந்த நாட்டில் விதியைப் படித்தவர்களும் இப்படித்தான். நித்திலாவுக்கு மாலை போட்டார்கள். கோப்பையை அவள் கையில் கொடுத்து, நாச்சிமுத்துவிடம் கொடுக்கச் சொல்லிப் போட்டோ எடுத்தார்கள். போட்டோவில் அவள் முகத்தைப் பார்த்தால் கோப்பை அவர் தலைக்குக் குறிவைத்தது போலத்தான் இருக்கிறது.

தேசியப் போட்டிக்கு நாச்சிமுத்து ஜீப்போடு போனார். நாட்டின் பெரிய பெரிய கார்களுக்கு நடுவே நிறுத்தினார். விளக்கு மாறியது, அத்தனை வண்டிகளும் பறந்தன. ஜீப் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. நடுவர்கள் பதறி ஓடிவந்தார்கள். நாச்சிமுத்து நிதானமாக இறங்கி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மரியாதையாகக் கேட்டார்:

“ஏனுங், எங்களை இழுத்துட்டுப் போற வண்டி இன்னும் வர்லீங்களா?”