மேனேஜர் வாங்கிய சாகாவரம்

சனிக்கிழமைதோறும் ஆபீஸில் பகடை உருட்டி ஆடும் சாகசக் கதை விளையாட்டை நடத்துபவள், புதிதாய் வேலைக்குச் சேர்ந்த கோமளா. ஆடுபவர்களுக்கு ஆளுக்கொரு வீரன்; அவனுக்கு என்ன நேர்கிறது என்று கதை சொல்பவள் அவள். கதையில் உங்கள் வீரன் செத்தால் வேறொரு வீரனோடு மறுபடி நுழையலாம்; அதுதான் வழக்கம்.

மேனேஜர் சிங்காரவேலு மேஜையில் ஓங்கித் தட்டினார். "என் வீரன் சாகவே கூடாது. செத்தான்னா உன் வேலை போச்சு!"

"சரி சார், சாகமாட்டான்" என்றாள் கோமளா.

முதல் குகையிலேயே ஒரு பூதம் அவர் வீரனை முழுசாக விழுங்கிவிட்டது. மற்றவர்கள் தப்பித்துப் புதையல் தேடிப் போனார்கள்.

மேனேஜர் பகடையைக் கையில் எடுத்தார். "நான் எப்ப வெளியே வர்றது?"

"செத்தாத்தானே புது ஆளா வரலாம்? நீங்கதான் சாகமாட்டீங்களே சார்!"

வாரக்கணக்காகப் பூதத்தின் வயிற்றில் கிடந்தவர், ஒருநாள் ஆபீஸே பார்க்க, அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார்:

"தாயே, என்னைக் கொன்னுடும்மா!"