மீட்புப் பகுதி

குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு அறுபத்தாறு.

குருவின் பெயர் ரெஜினா. கூடலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் அறை வைத்திருந்தார். கம்பெனிகள் கைவிட்ட பழைய கருவிகளில் புதிய லினக்ஸ் இயங்குதளம் போட்டு ஓட வைப்பது அவர் வேலை. சீடர் துரைக்கண்ணு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த அறைக்குக் கற்றுக்கொள்ள வந்தவர் அவர் ஒருவர்தான்.

ஒரு மழைநாளில் சீடர் கேட்டார்.

“இடமே இல்லாத இடத்துல எப்படி டீச்சர் இடம் பண்றது?”

“எதுக்கு சார்?”

“எங்க வீட்டுப் பெட்டிக்கு.”

அது இரண்டு ஹார்டு டிஸ்க் கொண்ட சேமிப்புப் பெட்டி. வெளிநாட்டுக்குப் போகும் முன் மகன் பிரசன்னா பொருத்திக் கொடுத்தது. அங்கே மகன் எடுக்கும் படங்கள் தாமாகவே இங்கே வந்து சேரும். பேரன் பல் துலக்குவது, பனியில் விழுவது, எழுந்து சிரிப்பது. துரைக்கண்ணு காலைக் காபியோடு அவற்றைப் பார்ப்பார். மகனுக்குப் போனில் பேச நேரம் கிடைக்காது. படம் மட்டும் தவறாது.

இரண்டு மாதமாக அதுவும் வரவில்லை. மகன் வாங்கிய புதுக் கம்ப்யூட்டர், பெட்டியில் இருக்கும் பழைய லினக்ஸோடு பேச மறுத்துவிட்டது.

“புதுப் பெட்டி வாங்கலாமே சார்.”

“வாங்கினா அவன் உக்காந்து முதல்லேர்ந்து செட் பண்ணணும். கேட்டேன். ஞாயித்துக்கிழமை பாக்கலாம்ப்பான்னு சொன்னான்.”

“எந்த ஞாயிறு?”

சீடர் சிரித்தார். “அதைச் சொல்லலை.”

குரு குடையை எடுத்தார்.

துரைக்கண்ணுவின் வீட்டில் எல்லாமே ஹாலில் இருந்தது. கட்டில், துணிக்கொடி, மருந்து டப்பா, சாப்பிடும் தட்டு, அந்தப் பெட்டி. கூரை ஒழுகும் இடத்தில் ஒரு வாளி இருந்தது. வாளிக்காகக் கட்டிலைத் தள்ளிப் போட்டிருந்தார். கட்டிலுக்காக மேசையை. குரு உட்காருவதற்காக நாற்காலியிலிருந்த வேட்டிகளை எடுத்தவர், எங்கே வைப்பதென்று பார்த்துவிட்டுக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

ஹாலை ஒட்டி ஓர் அறை இருந்தது. பூட்டியிருந்தது.

“சொல்லுங்க சார். எங்க இடிக்குது?”

“உள்ள நகம் அளவு ஒரு சிப் இருக்கு. ஃபிளாஷ் மெமரி. பெட்டி கண் முழிக்கத் தேவையானது அதுலதான். கம்பெனிக்காரன் அதைப் பகுதி பகுதியாப் பிரிச்சு வெச்சிருக்கான். லினக்ஸோட மூளை மாதிரி இருக்கற கர்னலுக்குன்னு விட்ட பகுதியில புதுக் கர்னல் அடங்கலை. எதை எதையோ கழிச்சுப் பாத்துட்டேன். இன்னும் கொஞ்சம் வெளியில நிக்குது.”

“பக்கத்துப் பகுதியில என்ன இருக்கு?”

“மீட்புப் பகுதி. கம்பெனியோட பழைய மென்பொருள். என்னைக்காவது பழசுக்கே திரும்பிப் போகணும்னா அது வழியாப் போகலாம்.”

“போயிருக்கீங்களா?”

“இல்லை.”

“எவ்வளவு பெருசு?”

“கர்னல் இடத்தைவிட நாலு மடங்கு.”

குரு சீடரையே பார்த்தார். வாளியில் சொட்டு விழுந்துகொண்டிருந்தது.

“அதை எப்படி டீச்சர் அழிக்கறது? நாளைக்கு வேண்டி வந்தா?”

“நகல் எடுத்து வெளியில வெச்சுக்கங்க. வேண்டி வந்தா அதுலேர்ந்து போட்டுக்கலாம்.”

சீடர் ஒரு பென் டிரைவில் நகல் எடுத்தார். மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். மறுபடியும் ஒப்பிட்டார்.

“போதும் சார். நகல் எங்கயும் ஓடிப் போகாது.”

பிறகு குரு சொன்னார். “இனி எல்லையை நகர்த்தணும். பழசை அழிச்சுப் புதுசை எழுதி முடிக்கற வரைக்கும் கரண்ட் போகக் கூடாது. நடுவுல போனா பெட்டி வெறும் செங்கல். வீட்டுல இன்வெர்ட்டர் இருக்கா?”

“இருக்கு.” சீடர் தயங்கினார். “ஆனா ஹாலுக்கு லைன் இல்லை. பையன் பரீட்சைக்குப் படிக்கறப்ப அவன் ரூமுக்கு மட்டும் இழுத்தது.”

குரு பூட்டிய கதவைப் பார்த்தார்.

“கரண்ட் போகாம இருந்தாலும் இருக்கும் டீச்சர்.”

வெளியே இடி இடித்தது.

“எக்ஸ்சேஞ்சுலயும் இப்படித்தான் வேலை பாத்தீங்களா?”

சீடர் வேட்டிகளைக் கட்டில் மேல் போட்டுவிட்டுச் சாவியை எடுத்து வந்தார்.

அந்த அறை ஒழுகவில்லை. அகலமான கட்டிலும் மெத்தையும் இருந்தன. மெத்தை மேல் பிளாஸ்டிக் விரிப்பு. தலையணைக்குத் துவைத்த உறை. ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவு நனைந்துகொண்டிருந்தது.

“வாரா வாரம் துடைச்சு வெச்சிடுவேன். வந்ததும் அவன் படுத்துக்கலாம்.”

“கடைசியா எப்ப வந்தார்?”

“அவங்கம்மா காரியத்துக்கு.”

மகனின் படிப்பு மேசையில் பெட்டியை வைத்தார்கள். சீடர் லேப்டாப்பை அதோடு இணைத்து, மீட்புப் பகுதியை அழிக்கும் கட்டளையைத் தட்டினார். விரல் கடைசி விசைக்குப் போனது.

“நில்லுங்க சார். அந்தப் பகுதியோட கடைசித் துண்டுல என்ன இருக்கு?”

சீடர் திறந்து பார்த்தார். ஒரு வரிகூட நிரம்பாத எண்ணும் எழுத்தும். பெட்டியின் நெட்வொர்க் முகவரி.

“இதையும் அழிச்சிருந்தா?”

“பெட்டி ஓடும். ஆனா ரூட்டருக்கு இது யாருன்னு தெரியாது. உங்க பையன் கூப்பிட்டா எங்க அனுப்பறதுன்னு முழிக்கும்.”

“இதுவும் கம்பெனி போட்டதுதானே?”

“போட்டது கம்பெனி. ஆனா பெட்டியோடது.”

சீடர் அந்தத் துண்டை விட்டுவிட்டு, அதற்கு முன்னால் புது எல்லையைப் போட்டார். பழையதை அழித்தார். புதுக் கர்னல் பதியத் தொடங்கியது.

பாதியில் கரண்ட் போனது.

ஹாலில் மின்விசிறி மெல்ல நின்றது. தெரு முழுக்க இருண்டது. இந்த அறையில் மட்டும் பல்பு எரிந்தது. பெட்டியின் சின்ன விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. இருவரும் அதையே பார்த்தார்கள்.

சீடர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“இப்ப அதுக்குள்ள பழசும் இல்லை. புதுசும் முழுசா வரலை. வேற என்னதான் டீச்சர் இருக்கு?”

“கரண்ட் இருக்கு.”

எழுதி முடிந்தது. பெட்டியை அணைத்து மீண்டும் போட்டார்கள். சிவப்பு விளக்கு வெகுநேரம் எரிந்தது. சீடர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு விளக்கு பச்சையானது.

கரண்ட் வந்ததும், ஹாலில் இருந்த ரூட்டரிலிருந்து நீளமான கேபிளை இழுத்து வந்து பெட்டியில் செருகினார்கள். குரு தன் புது லேப்டாப்பிலிருந்து, ஜன்னல் வழியே எடுத்த மழைப் படம் ஒன்றை அனுப்பினார். பெட்டி வாங்கிக்கொண்டது.

“அப்ப இனி அவன் படமும் வருமா?”

“கூப்பிட்டா இதுக்குக் கேக்கும் சார். கூப்பிடறது அவர் கையில.”

“அங்க இப்ப ராத்திரி. தூங்கிட்டிருப்பான்.”

குரு தலையசைத்துவிட்டுக் குடையை எடுத்தார். சீடர் பழக்கத்தில் அறைக் கதவைச் சாத்தப் போனார். வாசற்படியின் குறுக்கே கேபிள் கிடந்தது. கதவு பாதியில் நின்றது. சாவி கையிலேயே இருந்தது.

“பெட்டியைப் பழையபடி ஹாலுக்கே கொண்டு போயிடவா டீச்சர்?”

“கரண்ட் போனாலும் இங்கதானே இருக்கு.”

“அப்ப காலையில படம் பாக்க நான் இங்க வரணும்.”

“எதுக்கு வரணும்? இங்கயே படுத்துக்கங்க.”

சீடர் மெத்தையைப் பார்த்தார். ஹாலில் வாளி நிரம்பி, சொட்டுச் சத்தம் மாறியிருந்தது.

“அவன் வந்தா?”

“வரட்டும் சார். அன்னைக்கு மறுபடியும் பிரிச்சுக்கலாம்.”