உடைக்காமல் விட்ட கத்தி

மாரப்பன் இருபத்தேழு வருடம் வனச் சோதனைச் சாவடியில் காவலராக இருந்தவர். மலையிலிருந்து இறங்கும் ஒவ்வொரு பையையும் திறந்து பார்ப்பதுதான் அவர் வேலை. ஓய்வு பெற்ற மறுமாதம் செங்கமலத்தின் கொல்லுப்பட்டறைக்கு வந்து, கத்தி அடிக்கக் கற்றுத்தரும்படி கேட்டார். அவருக்கு அறுபத்தொரு வயது. அவளுக்கு முப்பத்தாறு.

"இந்த வயசுல எதுக்கு?" என்று கேட்டாள்.

"காட்டுக்குள்ள போறவன்கிட்ட எதெதையோ பறிச்சிருக்கேன். கத்தியை மட்டும் பறிச்சதில்லீங்க ஆசாரியம்மா. அது இல்லாம அவன் வீடு திரும்ப முடியாது."

அவள் சம்மட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

மூன்றாம் வருடம் சித்திரையில் தேன் எடுக்கும் சடையன் பட்டறைக்கு வந்தான். வலது கையில் முழங்கை வரை கட்டு. இடது கையால், அவள் அடித்துக் கொடுத்த கத்தியின் இரண்டு துண்டுகளைத் தரையில் வைத்தான்.

"பாறையில பாதி இறங்கிட்டேன். ஒரு வேரை வெட்டினேன். கத்தி முறிஞ்சு கையில பாஞ்சிருச்சு. மச்சான் மட்டும் கயித்தை விட்டிருந்தா நான் இல்லை."

செங்கமலம் துண்டுகளை எடுத்து முறிந்த இடத்தைப் பார்த்தாள்.

"என் தப்புதான்" என்றாள். "அடுத்த அமாவாசைக்குள்ள ஆறு கத்தி அடிச்சு வெக்கிறேன். உங்க ஆளுங்க வந்து எடுத்துக்கட்டும்."

சடையன் துண்டுகளை அங்கேயே விட்டுவிட்டுப் போனான்.

மாரப்பனுக்கு அன்று முழுக்க மனசு ஆறவில்லை. தவறு செய்யாதவர்கள் சத்தம் போடுவார்கள். சாவடியில் அவர் பார்த்ததெல்லாம் அப்படித்தான். கேட்டதும் ஒப்புக்கொள்கிறவனின் பையில்தான் இன்னும் ஏதாவது இருக்கும்.

அவர் கவனிக்கத் தொடங்கினார்.

அந்த வாரம் லாரியின் பழைய வில்பட்டைகள் வந்து இறங்கின. நல்ல இரும்பு. ஆறு கத்திக்குத் தேவையானதைப்போல மூன்று மடங்கு. பத்தே நாளில் குவியல் பாதிக்கு மேல் கரைந்தது. ஆனால் சுவரில் தொங்கியவை ஐந்து கத்திகள்தான். ஆறாவதை அடிக்கும் வேலையை அவள் மாரப்பனிடம் கொடுத்திருந்தாள். அவர் தனியாகப் பழுக்கவைத்து, தனியாகத் தண்ணீரில் தோய்த்த முதல் கத்தி அது.

தினமும் விடிந்ததும் அவள் ஒரு சாக்குப் பையைச் சுமந்துகொண்டு ஓடையைத் தாண்டி மூங்கில் காட்டுக்குப் போனாள். திரும்பும்போது பை இளைத்திருந்தது. ஒருநாள் மாரப்பன் பின்னாலேயே நடந்தார்.

"வராதீங்க" என்றாள், திரும்பாமலே.

அவர் நின்றார். நின்ற இடத்திலேயே முடிவு செய்துவிட்டார். நல்ல இரும்பு எங்கேயோ போகிறது. கத்திக்குள் வேறு ஏதோ இரும்பு இருக்கிறது.

மறுநாள் மத்தியானம் அவள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டார்.

"பட்டை எங்கீங்க போகுது?"

"கத்திக்குத்தான்."

"அஞ்சு கத்திக்கு அவ்வளவு ஆகாதுங்களே."

அவள் கஞ்சியைக் கீழே வைத்தாள். "உங்களுக்கு என்ன வேணும்?"

"உள்ள என்ன இரும்புன்னு தெரியணும்."

"வைஸ் இருக்கு. சம்மட்டி இருக்கு. உடைச்சுப் பாருங்க."

மாரப்பன் முதல் கத்தியை வைஸில் இறுக்கினார். வளைத்து அடித்தார். அது சீக்கிரம் முறியவில்லை. நாலாவது அடியில்தான் முறிந்தது. முறிந்த இடம் சாம்பல் நிறத்தில், மாவு போல நைசாக இருந்தது. நல்ல இரும்பு, நல்ல தோய்ச்சல்.

"ஒண்ணு நல்லதா இருக்கலாம்" என்றார்.

"ஆமா" என்றாள் செங்கமலம்.

இரண்டாவதை உடைத்தார். அதுவும் அப்படியே. மூன்றாவது. நான்காவது. ஐந்தாவதை உடைக்கும்போது அவர் சட்டை நனைந்துவிட்டது. பத்துத் துண்டுகளும் தரையில் கிடந்தன. ஒன்றில்கூடக் குறை இல்லை. அவள் ஒருமுறையும் தடுக்கவில்லை.

அப்போது வாசலில் நஞ்சன் வந்து நின்றான். சடையனின் மச்சான், அன்று கயிற்றைப் பிடித்திருந்தவன்.

"நாளைக்குப் பாறைக்குப் போறோங்க. இந்த வாட்டி நான் இறங்குறேன். கத்தி சொல்லியிருந்தீங்களே."

பிறகுதான் தரையைப் பார்த்தான்.

சுவரில் ஒன்று மட்டும் தொங்கியது. செங்கமலம் அதைக் காட்டினாள்.

"இதை ஏன் உடைக்கலை?" என்று மாரப்பனைக் கேட்டாள்.

"இது நான் அடிச்சதுங்க."

அவள் தலையை ஆட்டினாள். கேலி இல்லை. பதில் கிடைத்ததும் ஆட்டுகிற ஆட்டல்.

மாரப்பன் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "மூங்கில் காட்டுல என்னங்க பண்ணினீங்க?"

"மூங்கில் வெட்டினேன். காய்ஞ்ச கணுவாப் பார்த்து வெட்டினேன். பன்னெண்டு கத்தி அடிச்சேன். ஏழு அங்கேயே போச்சு. உடைஞ்சா துண்டு தெறிக்கும், அதான் வராதீங்கன்னேன். அஞ்சு நின்னுது."

அவர் தரையில் கிடந்த பத்துத் துண்டுகளையும் பார்த்தார்.

"அப்ப சடையன் கத்தி? அதையும் வெட்டிப் பார்த்தீங்களா?"

"இல்லை."

"ஏனுங்க?"

"ரொம்ப நல்லா வந்திருந்துச்சு. கையில எடுத்ததுமே தெரிஞ்சுது. அது மேல எனக்குச் சந்தேகமே வரலை."

நஞ்சன் வாசலில் குந்தினான். பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது.

மாரப்பன் சுவரிலிருந்து தன் கத்தியை எடுத்தார். வைஸைப் பார்த்தார். பிறகு நஞ்சனைப் பார்த்தார். கத்தியோடு ஓடையை நோக்கி நடந்தார்.

கொஞ்ச நேரத்தில் மூங்கில் காட்டிலிருந்து வெட்டும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. செங்கமலம் உடைந்த துண்டுகளைப் பொறுக்கி ஒரு தகரத்தில் போட்டாள். நஞ்சன் பீடியைப் பற்றவைத்தான்.

"அவரு காவலரா இருந்தப்ப எங்க பையைத் தினம் கவுத்துவாருங்க" என்றான். "ஒருநாளும் தன் பையைக் கவுத்து நான் பார்த்ததில்லை."

அவள் சிரிக்கவில்லை.

இருட்டும் நேரத்தில் மாரப்பன் திரும்பினார். உள்ளங்கை இரண்டும் கொப்புளித்து உடைந்திருந்தன. கத்தியைப் பட்டடைக் கல்லின்மேல் வைத்தார். செங்கமலம் முனையிலிருந்து பிடி வரை நகத்தை ஓட்டினாள். விரலால் சுண்டி, காதருகே வைத்துக் கேட்டாள்.

"எவ்வளவு வெட்டினீங்க?"

"எண்ணலைங்க. கை விட்டுப்போற வரைக்கும்."

"கத்திக்கு ஏதாச்சும் ஆச்சா?"

"ஒண்ணும் ஆகலைங்க."

"அப்ப நல்ல கத்திதானே?"

நஞ்சனின் தோளில் சுருட்டிக் கிடந்த கயிற்றின்மேல் மாரப்பனின் கண் போனது.

"இன்னும் ஒருநாள் வெட்டிப் பார்க்கணும்போல இருக்குங்க" என்றார் கடைசியில்.

"காலையில சந்தேகம் இல்லையே?"

"இப்பத்தாங்க வருது."

செங்கமலம் கத்தியைத் துணியால் துடைத்து நஞ்சனிடம் நீட்டினாள்.

"வெட்டியும் பார்த்தாச்சு, சந்தேகமும் வந்துருச்சு. அப்பக் குடுத்துரலாம்" என்றாள்.