வேதரத்தினத்தின் எருக்குழி

வேதரத்தினத்துக்கு ஐம்பத்தெட்டு வயதில் ஒரு குரு கிடைத்தாள். பெயர் தையல்நாயகி. அவரைவிட இருபத்தைந்து வயது சின்னவள். வண்டுப் புழுவைக் கொல்லும் பூஞ்சாணத்தைத் தேங்காய்த் தண்ணீரில் வளர்த்துக் கொடுப்பது அவள் வேலை. பூசணத்துக்கும் ஒரு குருவா என்று ஊர் சிரித்தது. சிரிக்காமல் என்ன? ஊராரின் தோப்பையா வண்டு தின்கிறது?

புயலில் தோப்பு போனபின் அவர் நட்டது நூற்றிருபது தென்னங்கன்று. காண்டாமிருக வண்டு குருத்தைக் குடைந்து பதினொன்று பட்டுப்போயின. இதுவும் போனால் இன்னொரு தோப்பு வளர்க்க அவருக்கு ஆயுசு இல்லை. அந்தப் பயம் அவரை உட்காரவிடவில்லை.

வண்டு முட்டையிடுவது எருக்குழியில். தையல்நாயகி கொடுத்த பூஞ்சாணத்தை அங்கே ஊற்றி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டார். பத்து நாளில் புழுக்கள் சாக ஆரம்பித்தன. ஆனால் ஒரு மாதம் ஆகியும் நெளிகிற கூட்டம் குறையவில்லை. இன்னும் இரண்டு கன்று போனதும் அவளிடம் ஓடினார்.

"அம்மா, உங்க மருந்து ரொம்ப மெத்தனம். கடையில விக்கிற குருணை விஷத்தைக் கொட்டிரட்டுமா?"

"முதல்ல குழியைப் பார்ப்போம், வாங்க."

வந்து கிளறினாள். கட்டைவிரல் பருமனுக்குப் புழுக்கள் உருண்டன. எல்லாம் உயிரோடு.

"செத்ததெல்லாம் எங்கே ஐயா?"

"ஒண்ணுகூட விடலையே! தினம் காலையில கிளறி, செத்ததைப் பொறுக்கி எரிச்சிருவேன். எரு சுத்தமா இருக்க வேணாமா?" அவர் முகத்தில் பெருமை.

"இன்னைக்குப் பொறுக்கினது?"

தகர டப்பாவை நீட்டினார். உள்ளே விறைத்த புழுக்கள் மூன்று. அவள் அவற்றை ஈரச் சாக்கில் சுற்றி மண்சட்டியில் வைத்து மூடினாள்.

"நாலு நாள் இதையும் தொடாதீங்க, குழியையும் தொடாதீங்க."

நாலு நாளும் வேதரத்தினம் பட்ட பாடு! சட்டிக்கும் தோப்புக்கும் நடந்தார். சோறு இறங்கவில்லை. இரண்டாம் நாள் இன்னொரு குருத்து சாய்ந்தது.

"பிரசவ ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிற மாதிரி நிக்கிறீங்களே" என்றாள் மனைவி மரகதவல்லி.

ஐந்தாம் நாள் தையல்நாயகி சட்டியைத் திறந்தாள். மூன்று புழுவும் பச்சைப் பொடி பூத்துக் கிடந்தன.

"ஐயையோ, அழுகிப்போச்சே!"

"அழுகலை ஐயா. இந்தப் பூஞ்சாணப் பொடி பட்டாத்தான் அடுத்த புழு சாகும். அதுவும் பச்சையாகி, அதுக்கு அடுத்ததைக் கொல்லும்."

இத்தனை நாளாகத் தீயில் போட்டதெல்லாம் வேதரத்தினத்தின் கண்முன் வந்தது.

"பாவி, நானே கெடுத்துட்டேனே. மிச்சக் கன்னு பிழைக்குமா அம்மா? சொல்லுங்க, நான் இப்ப என்ன செய்யணும்?"

அவள் மூன்று புழுவையும் அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதைக் குழியில போட்டு மூடுங்க. செத்தது வேலை பார்க்கும். உயிரோட இருக்கிற நீங்க சும்மா இருங்க."