இரவல் போன கட்டுமரம்

மரங்கள் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில் சொற்களுக்குக் கால் இருந்தது. ஒவ்வொரு சொல்லும் தன் பொருளின் அருகிலேயே குடியிருந்தது. சோழமண்டலக் கரையில் ஒரு குப்பத்தில், செங்கேணி வீட்டு வாசலில் கிடந்த மரத்தின் மேல் 'கட்டுமரம்' என்ற சொல் நாய்க்குட்டி போலச் சுருண்டு படுத்திருக்கும். கழுத்தில் தென்னங்கயிறு. விடியலில் செங்கேணியின் கணவன் எட்டியப்பன் அதைக் கூப்பிட்டால், குப்பத்து மரங்கள் எல்லாம் "வந்தோம், வந்தோம்" என்று உருண்டு வந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு எந்த அலைக்கும் பிரியாது.

ஒரு நாள் வெள்ளைக்காரர் கப்பலொன்று நங்கூரமிட்டது. அதன் படகு அலையில் இரண்டு முறை கவிழ்ந்தது. நனைந்த தொப்பியோடு கரையேறிய துரை, செங்கேணியைக் கும்பிட்டார்.

"அம்மா, எங்கள் ஊரில் அலையில் பிரியாத இந்த மரங்களுக்குச் சொல்லே இல்லை. இரவல் கொடுங்கள். அடுத்த பருவத்தில் திருப்பித் தருகிறேன்."

குப்பத்தில் எதை இரவல் கொடுத்தாலும் கயிற்றை அவிழ்த்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். கயிறு இருக்கிற வீட்டுக்குப் பொருள் தானே திரும்பும் என்பது வழக்கம். ஆனால் செங்கேணியை அதுவரை யாரும் கும்பிட்டு "அம்மா" என்றதில்லை. அந்த மயக்கத்தில் கயிற்றோடு தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் எட்டியப்பன் வாயைத் திறந்தான், சொல் வரவில்லை. மரங்கள் ஆளுக்கொரு பக்கம் கிடந்தன.

"யாரைய்யா கூப்புடுற?" என்றது நடுமரம்.

எட்டியப்பன் மனைவி பக்கம் திரும்பினான். "கயித்தையாவது அவுத்துகினியா?"

செங்கேணி கரைக்கு ஓடினாள்; கப்பல் அதற்குள் போய்விட்டிருந்தது.

கடலுக்குப் போக வழியில்லாமல் குப்பமே கழிமுகச் சேற்றில் இறங்கி இறால் தடவியது. செங்கேணி மட்டும் ஒவ்வொரு பருவமும் கரையில் நின்று, வருகிற கப்பலையெல்லாம் பார்த்துக் கத்துவாள். "யோவ் தொப்பி! எங்க சொல்லைக் குடுய்யா!" அவள் குரல் கேட்டதும் எந்தக் கப்பலின் அடித்தளத்திலோ இருந்த சொல் துள்ளி எழுந்து தன் பெயரையே கூவும். மாலுமிகள், கரையில் கத்துகிறவளின் பெயர்தான் அது என்று எண்ணிக்கொண்டார்கள்.

மரத்தில் சொல் படுத்திருந்த இடம் மட்டும் வழவழப்பாக இருந்தது. செங்கேணி அங்கே யாரையும் உட்காரவிடவில்லை.

பல ஆண்டுகள் கழித்து ஒரு கப்பலிலிருந்து அந்தச் சொல் இறங்கி வந்தது. தலையில் தொப்பி, நடையில் நொண்டல்.

"யக்கா, அடையாளம் தெரியுதா?"

"இன்னாடா இது, மேலெல்லாம் வெடிமருந்து நாத்தம்?"

"கயிறு அவுங்க கையிலதான இருந்துச்சு? ஆளுக்கொரு பக்கம் இழுத்துக் கட்டிட்டாங்க. ஒருத்தன் ரெண்டு படகைச் சேத்து அதுல கட்டினான். இன்னொருத்தன் வெடிமருந்துத் தெப்பத்துல கட்டி எதிரிக் கப்பல் மேல ஏவினான். இன்னும் ஒண்ணு இருக்கு. சொன்னா அடிப்ப."

"சொல்லுடா."

"சண்டைக்காரப் பொம்பளைக்கும் அங்க என் பேருதான்."

செங்கேணி தொப்பி கீழே விழ அதன் தலையில் தட்டினாள். "நான் கத்துனது அம்மாந்தூரம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. ஆனா நான் திரும்பிப் போவணுமே. கயிறு அங்க கீது."

அவள் வீட்டுக்குள் போய்ப் புதுக் கயிறு கொண்டுவந்து அதன் காலில் கட்டினாள். "போய்ட்டு வா. ரெண்டு வீட்டுக்கும் பிள்ளையா இரு. ஆனா இந்தக் கயிறு எங்க ஊட்ட வுட்டுப் போவாது." சொல்லிவிட்டு முடிச்சை அவிழ்த்து, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டாள். மறுநாள் எட்டியப்பன் கூப்பிட்டான். கயிறு இங்கே இருந்ததால் போன சொல் திரும்பி வந்தது, மரங்களும் வந்தன.

அன்று முதல்தான் அந்தக் கரையில், கடலிலிருந்து திரும்பியதும் மரங்களை அவிழ்த்துப் போட்டுவிட்டுக் கயிற்றை வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். பழைய ஆங்கில அகராதிகளில் அந்தச் சொல்லுக்கு நேரே, படகுக்கும் வெடிமருந்துத் தெப்பத்துக்கும் பக்கத்தில், சண்டைக்காரி ஒருத்தி இடுப்பில் கைவைத்து நிற்பதும் இதனால்தான். இரவல் வாங்கியவர் அந்தப் பக்கம் வராமலா போவார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.